விளையாட்டுத் திடலில் குழந்தைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் தவறாமல் இடம்பெறும். இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காயம் பற்றிய பதில்கள் பொதுவானவை. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதையே முதலில் கேளுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சறுக்கு மரமும் இரண்டு ஊஞ்சல்களும் இருக்கின்றன. கீழே முழுவதும் பேவர் பிளாக் கல். போன மாதம் ஒரு குழந்தை விழுந்து நெற்றியில் தையல் போட நேர்ந்தது. அதன் பிறகு சங்கத்தினர் கல்லின் மேல் செயற்கைப் புல் விரித்துவிட்டு, இனிப் பயமில்லை என்கிறார்கள். இது போதுமா?
— வாசகி, கோவை

போதாது. கல்லின் மேல் நேரடியாக விரிக்கப்பட்ட செயற்கைப் புல் முழங்காலில் ஏற்படும் சிராய்ப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். விழுகிற தலையின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள அதனால் முடியாது. விளையாட்டுத் திடல் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் ஏற்படுபவை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் குழந்தைகள் இத்தகைய காயங்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கென்று வெளியிட்டுள்ள கையேடு, ஏறி விளையாடும் சாதனங்களுக்கு அடியில் சிமெண்ட், தார், சோதிக்கப்படாத விரிப்பு ஆகியவை இருக்கக் கூடாது என்கிறது. புல்தரையையும் கட்டாந்தரையையும்கூட அந்தக் கையேடு ஏற்பதில்லை; கால்பட்டுக் கால்பட்டு அவையும் நாளடைவில் கல்லாக இறுகிவிடும் என்பதே காரணம்.

விழுந்த உடல் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே காயத்தின் தன்மை அமைகிறது. கல்லில் மோதும் தலை நொடியின் மிகச் சிறு பகுதியில் சடக்கென்று நின்றுவிடுவதால் முழு விசையும் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் போகிறது. மணலில் விழும்போது அதே தலை இரண்டு மூன்று அங்குலம் அமிழ்ந்து, சற்றே மெதுவாக நிற்கிறது. அந்தச் சிறு அவகாசத்தில்தான் உயிர் காக்கும் வேறுபாடு இருக்கிறது. மேற்சொன்ன கையேட்டின்படி, 9 அங்குலம் ஆழமுள்ள மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதையும், அதே ஆழமுள்ள, பட்டாணி அளவுக் கூழாங்கல் 5 அடியிலிருந்து விழுவதையும், மரச்சில்லுகள் 10 அடியிலிருந்து விழுவதையும் தாங்கும். இது அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய ஆழம். கொட்டிய பொருள் நாளடைவில் கால் பங்கு அமுங்கிவிடுமாதலால், முக்கால் அடி வேண்டுமென்றால் ஒரு அடி கொட்ட வேண்டும். நம் ஊரில் மணல் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் சாந்து பூசுவது போல இரண்டு அங்குலம் பரப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் பயனில்லை.

மணல் போட முடிவு செய்தால் எம்-சாண்ட் வேண்டாம். அது முனையுள்ள துகள்களும் நுண்தூளும் கலந்தது. ஒரு மழைக்குப் பிறகு கெட்டித்துவிடும். உருண்டையான, கழுவிய மணலாகக் கேளுங்கள். அடியில் நீர் வடிய வழி செய்யுங்கள். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு மரம் முடியும் இடத்திலும் குழந்தைகளின் கால்பட்டு மணல் விலகிப் பள்ளமாகிவிடும். அதிகம் விழுகிற இடமும் அதுதான் என்பதால் வாரத்துக்கு இருமுறையாவது மணலை வாரி அங்கே நிரப்ப வேண்டும். இரவில் தார்ப்பாயால் மூடி வைத்தால் நாயும் பூனையும் அசுத்தம் செய்யாது. கொக்கிப்புழு போன்ற தொற்றுகளையும் அது தடுக்கும்.

ரப்பர் தளம் போடுவதாகச் சங்கத்தினர் சொன்னால், விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ‘இந்தத் தடிமன் எத்தனை அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும், அதற்கான சோதனைச் சான்று எங்கே?’ அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1292, ஐரோப்பாவின் இ.என். 1177 ஆகிய தரங்கள் இந்தச் சோதனையைப் பற்றியவை. உடற்பயிற்சிக் கூடங்களில் விரிக்கும் மெல்லிய ரப்பர் பாயைச் சான்று இல்லாமல் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். விரல் தடிமன்கூட இல்லாமல், அடியில் சிமெண்ட் தெரிந்தால் அதை ஏற்காதீர்கள்.

சாதனத்துக்கு நேர் கீழே மட்டும் மென்மையாக இருந்தால் போதாது. எல்லாப் பக்கமும் 6 அடிக்கு இந்தத் தளம் நீள வேண்டும். அதற்குள் சுவர், பெஞ்சு, தொட்டிச் செடி எதுவும் இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும்: சங்கிலி தொங்கும் கம்பி 8 அடி உயரத்தில் இருந்தால் முன்பக்கம் 16 அடி, பின்பக்கம் 16 அடி. இவ்வளவு இடம் உங்கள் வளாகத்தில் இல்லையென்றால் ஊஞ்சலை எடுத்துவிட்டு, தாழ்வான ஏறுசாதனம் ஒன்றை நல்ல தளத்தோடு வைப்பதே மேல். பணம் குறைவாக இருக்கும் சங்கங்கள் சாதனத்தில் சிக்கனம் பார்க்கட்டும். தரையில் பார்க்க வேண்டாம்.

பொறியியல் தெரியாத என்னைப் போன்ற அப்பாக்கள், பூங்காவுக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், சேலம்

தரையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அடுத்து, கம்பிகளுக்கும் படிகளுக்கும் இடையிலுள்ள சந்துகளைப் பாருங்கள். 3.5 அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குள்ளும் அகலமுள்ள சந்து ஆபத்தானது. சிறு குழந்தை காலை முதலில் விட்டு நுழையும்போது உடல் அதன் வழியாகப் போய்விடும், தலை போகாது. குழந்தை கழுத்தில் தொங்கும் நிலை அப்படித்தான் ஏற்படுகிறது. ஒன்று, உடலே நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தலையும் தாராளமாக வெளியே வரும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்து வைத்த சாதனங்களில் இந்த இடைவெளியை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊஞ்சல். சங்கிலியும் இருக்கையும் சேருமிடத்தில் எஸ் வடிவக் கொக்கி இருக்கும். அதன் வாய்க்குள் நாணயத்தின் விளிம்பு நுழைந்தால்கூட அது சட்டையைக் கவ்வும், ஒருநாள் கழன்றும் விடும். நெருக்கி மூடச் சொல்லுங்கள். கொக்கியின் வளைவை விரலால் தடவினால், உராய்ந்து உராய்ந்து பாதியாகத் தேய்ந்த இடம் தட்டுப்படும். அப்படித் தேய்ந்ததை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இருக்கை இரும்புப் பலகையாகவோ கனமான மரமாகவோ இருந்தால், குறுக்கே ஓடிவரும் குழந்தையின் நெற்றியில் அது மோதும் விசையை எண்ணிப் பாருங்கள். ரப்பர் அல்லது இலேசான பிளாஸ்டிக் இருக்கையே சரியானது. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சல்களுக்கு மேல் கூடாது. நடுவில் மூன்றாவது இருந்தால் அதற்குப் போகிற குழந்தை அடிபடும்.

இவை தவிர, நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், மண் அரித்து வெளியே தெரியும் சிமெண்ட் அடித்தளம், துருவேறி ஓட்டை விழுந்த தகடு, உரிந்து வரும் பழைய பெயிண்ட் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் 2016-இல்தான் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன் பூசிய பெயிண்ட் உதிர்ந்து குழந்தையின் கை வழியே வாய்க்குப் போவது நல்லதல்ல. மழைக்காலத்தில் விளக்குக் கம்பத்தின் அடியிலுள்ள மின் இணைப்புப் பெட்டி மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். திறந்திருந்தால் அன்று பூங்காவே வேண்டாம்.

என் பேத்திக்கு ஒன்றரை வயது. தனியாகச் சறுக்கு மரத்தில் விடப் பயமாக இருப்பதால் மடியில் உட்கார வைத்துக்கொண்டு நானே சறுக்குகிறேன். மருமகள் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகி, கும்பகோணம்

உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. பாசத்தால் செய்கிற இந்தக் காரியத்தில்தான் சின்னஞ்சிறு கால்கள் முறிகின்றன. சறுக்கும்போது குழந்தையின் செருப்போ பாதமோ ஓரத்தில் பட்டு நின்றுவிடும். தனியாகச் சறுக்கும் குழந்தை அங்கேயே நின்றுவிடும், ஆனால் உங்கள் எடையும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளும்போது அந்தக் கால் திருகி முழங்காலுக்குக் கீழே முறிகிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை, 6 வயதுக்குட்பட்ட சுமார் 3.5 லட்சம் குழந்தைகள் சறுக்கு மரத்தில் காயமடைந்ததாகக் கணக்கிடப்பட்டது. அவர்களில் ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளிடையே கீழ்க்கால் எலும்பு முறிவு அதிகமாக இருந்தது; அதற்கு மடியில் வைத்துச் சறுக்குவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

பேத்தியை மிகத் தாழ்வான, அவள் வயதுக்கென்று செய்த சறுக்கில் தனியாக உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டே கூட நடக்கலாம். அப்படி ஒரு சறுக்கு உங்கள் பூங்காவில் இல்லையென்றால் இன்னும் ஓராண்டு காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை, மணலில் விளையாடட்டும்.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மதிய உணவு இடைவேளையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே திடலில் இருக்கிறார்கள். புதிய சாதனங்கள் வாங்க நிதி இல்லை. செலவில்லாமல் நாங்கள் செய்யக்கூடியது என்ன?
— வாசகி, திருநெல்வேலி

செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை, கழுத்தில் தொங்குவதைக் கழற்றச் சொல்வது. அடையாள அட்டைக் கயிறு, தோளில் குறுக்காக மாட்டிய தண்ணீர் பாட்டில் வார், தாயத்துக் கயிறு, துப்பட்டா, நீளமான சங்கிலி — சறுக்கு மரத்தின் உச்சியிலுள்ள கைப்பிடியில் இவற்றில் ஒன்று மாட்டிக்கொண்டு, குழந்தை மட்டும் கீழே சறுக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. குழந்தைகளின் மேலாடைகளில் கழுத்துப் பக்கம் இழுகயிறு வைப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 1996-இல் வழிகாட்டுதல் வெளியானதும் இத்தகைய மரணங்களுக்குப் பிறகுதான். திடலின் வாசலில் வரிசையாக ஆணி அடித்து, அட்டையையும் பாட்டிலையும் அங்கே மாட்டிவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். தாயத்தைக் கழற்றப் பெற்றோர் தயங்குவார்கள்; அதை மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டலாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு அடையாள அட்டை வாங்கும்போது, இழுத்தால் தானே பிரிந்துவிடும் பூட்டு உள்ள கயிறாகக் கேட்டு வாங்குங்கள். மோதிரமும் வேண்டாம், கம்பியில் மாட்டி விரலின் தோலையே உரித்துவிடும்.

அடுத்து, வயதுவாரியாகப் பிரியுங்கள். 2 முதல் 5 வயதுக்கும் 5 முதல் 12 வயதுக்கும் வெவ்வேறு சாதனங்கள் வேண்டும் என்பதே மேற்சொன்ன அமெரிக்கக் கையேட்டின் வழிகாட்டுதல். உங்களிடம் இருப்பது ஒரே திடல் என்பதால் இடத்தைப் பிரிக்க முடியாவிட்டாலும் நேரத்தைப் பிரிக்கலாம்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை முதல் இருபது நிமிடம், மற்றவர்கள் அதன் பிறகு. எட்டாம் வகுப்புப் பையன் முழு வேகத்தில் ஓடிவரும் பாதையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை நிற்காமல் இருந்தாலே பாதி விபத்து குறையும்.

திடலில் நிற்கும் ஆசிரியர், மரநிழலில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துகிறவராக இருந்தால் அது மேற்பார்வை ஆகாது. பணிச்சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அரைமணி நேரம் ஒருவராவது, கைப்பேசியும் தாளும் இல்லாமல், ஊஞ்சலும் சறுக்கு மரமும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் நின்றாக வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுச் சாதனம் என்று நாம் நினைக்காதவற்றையும் சுற்றிப் பாருங்கள். தரையில் ஊன்றாமல் வெறுமனே நிறுத்தி வைத்த கோல் கம்பத்தில் பிள்ளைகள் தொங்கினால் அது முன்பக்கமாகச் சாயும். அதன் குறுக்குக் கம்பி தலையில் விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். முளையடித்துக் கட்டுங்கள், பயன்படுத்தாத நாளில் படுக்க வைத்துவிடுங்கள். தண்டவாளத்தில் உருளும் இரும்பு வாசற்கதவைப் பிள்ளைகள் தள்ளி விளையாட விடாதீர்கள். தடுப்புக் கட்டை இல்லாத கதவு தடம் புரண்டு மேலே சாய்ந்துவிடும். கழிவுநீர்த் தொட்டி மூடி, கிணற்றுச் சுவர், விரிசல் விட்ட சுற்றுச்சுவர் ஆகியவற்றைத் தலைமையாசிரியர் மூலம் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் எழுத்து மூலமாகப் பதிவு செய்யுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம், 2009-இன் அட்டவணையே பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. அது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று குழுவில் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

என் 6 வயது மகன் கம்பியில் தொங்கியபோது கை ஊன்றி விழுந்தான். முழங்கை வீங்கிவிட்டது. மாமியார் எண்ணெய் போட்டு நீவினார். பிறகு ஒருவரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். இரவெல்லாம் அழுதான். மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது ‘இன்னும் தாமதித்திருந்தால் கை போயிருக்கும்’ என்றார்கள். அறுவை செய்து இப்போது நன்றாக இருக்கிறான். அப்படி என்னதான் ஆபத்து?
— வாசகி, மதுரை

உங்கள் மகன் தேறிவருவதில் எனக்கு மிகுந்த நிம்மதி. இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி சொல்கிறேன். இதைப் படிக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இது தேவைப்படும்.

5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகள் கை ஊன்றி விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிவு ஏற்படுவது மிகச் சாதாரணம். முறிவு சாதாரணமானது என்றாலும் அந்த இடம் அப்படிப்பட்டதல்ல. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் முதன்மைத் தமனியும் முக்கிய நரம்புகளும் அந்த எலும்பை ஒட்டியே போகின்றன. விலகிய எலும்பு முனை அவற்றை அழுத்தலாம், குத்தலாம். அந்த நிலையில் நீவிவிடுவதும், இழுத்து நேராக்குவதும் அந்த முனையை மேலும் உள்ளே தள்ளும். வீங்கிக்கொண்டிருக்கும் கையைச் சுற்றி இறுக்கமாகப் பத்தை கட்டினால், வீக்கம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு இரத்தம் போவதே நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை இறக்கத் தொடங்கும். அதன் விளைவாக விரல்கள் மடங்கியபடியே இறுகி, நிமிர்த்த முடியாமல் ஆகிவிடும் நிலையை வோல்க்மன் இறுக்கம் என்கிறோம். அதற்குப் பிறகு எந்த அறுவை சிகிச்சையாலும் கையைப் பழையபடி முழுமையாக ஆக்க முடிவதில்லை.

இரவெல்லாம் அழுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகைதான் எச்சரிக்கை. கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், விரல்களை மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை வீறிட்டால், விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ குளிர்ந்தோ இருந்தால், மரத்துப்போனதாகச் சொன்னால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மாவுக்கட்டு மருத்துவமனையில் போட்டதாகவே இருந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும்.

பாரம்பரிய முறையில் கட்டுப் போடுகிறவர்களை நம் மக்கள் நம்புவதற்குக் காரணங்கள் உண்டு: பக்கத்தில் இருக்கிறார்கள், பரிவோடு பேசுகிறார்கள், செலவு குறைவு. விலகாத சிறு முறிவு எந்தக் கட்டுப் போட்டாலும் சேர்ந்துவிடும் என்பதால் அந்த நம்பிக்கை வளர்கிறது. ஆனால் குழந்தையின் முழங்கையில் விலகிய முறிவா, விலகாத முறிவா என்பதை எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அதோடு, குழந்தைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது கோணலாகச் சேர்ந்தால் கை வளர வளரக் கோணலும் வளரும். அரசு மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அணைத்து, துப்பட்டாவால் தளர்வாகத் தாங்கிக் கட்டுங்கள். வளையல், காப்பு, கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். அழுகிற பிள்ளைக்கு வழியில் பிஸ்கட்டும் பாலும் கொடுத்துவிடுவதால் அறுவை சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். 108-ஐ அழையுங்கள்.

தலையில் அடிபட்ட குழந்தையைத் தூங்க விடக் கூடாது என்பது உண்மையா?
— வாசகர், செங்கல்பட்டு

தூக்கம் ஆபத்தைக் கொண்டுவருவதில்லை. எழுப்ப முடியாத மயக்கத்தைத் தூக்கம் என்று நாம் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதே அந்த அறிவுரையின் உட்பொருள். விழுந்ததும் அழுது, பிறகு வழக்கம்போல் விளையாடி, சாப்பிட்டு, சில மணி நேரம் தெளிவாக இருந்த குழந்தை இரவில் தன் நேரத்துக்குத் தூங்கலாம். இடையில் ஒருமுறை தொட்டு அசைத்துப் பாருங்கள்; முனகிப் புரண்டு படுத்தால் சரி.

நினைவு தப்பியது சில நொடியே ஆனாலும், வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், வலிப்பு வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், நடை தள்ளாடினாலும், கண்மணிகளின் அளவு வேறுபட்டாலும், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிடப்பட்ட விதிமுறை ஒன்றை மருத்துவர்கள் பலர் பின்பற்றுகிறோம். அதன்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தை 3 அடிக்கு மேலிருந்து விழுந்தாலும், அதைவிடப் பெரிய குழந்தை 5 அடிக்கு மேலிருந்து விழுந்தாலும் கூடுதல் கவனம் தேவை. இத்தகைய விதிமுறை இருப்பதால்தான், அடிபட்ட எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுக்காமல் தேவையானவர்களுக்கு மட்டும் எடுக்க முடிகிறது. ஆகவே மருத்துவர் ‘ஸ்கேன் வேண்டாம், கவனித்துப் பார்ப்போம்’ என்றால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளையாடி முழங்கால் சிராய்த்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் டி.டி. ஊசி போட வேண்டுமா? பல் விழுந்தால் என்ன செய்வது?
— வாசகி, தஞ்சாவூர்

அரசு அட்டவணைப்படி, ஒன்றரை வயதை ஒட்டியும் 5–6 வயதிலும் ஊக்கத் தடுப்பூசியும், 10 மற்றும் 16 வயதில் டி.டி. ஊசியும் தவறாமல் போட்டிருந்தால் சாதாரணச் சிராய்ப்புக்கு மீண்டும் தேவையில்லை. சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவினால் போதும். ஆழமான, மண்ணோ துருவோ சாணமோ பட்ட காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டால் போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள்.

பால் பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. நிலைப் பல் வேரோடு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் சில நொடிகள் கழுவி, அதன் குழியிலேயே வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரைமணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. தேய்த்துத் துடைப்பதும் காகிதத்தில் மடித்துக் காயவிடுவதும் பல்லைக் கொன்றுவிடும்.

மகளுக்குக் கை முறிந்த பிறகு, பூங்காவே வேண்டாம் என்கிறார் என் கணவர். வீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதைவிட அது நல்லதா?
— வாசகி, நாகர்கோவில்

நல்லதல்ல. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, உயரம் ஏறுதல், வேகமாக ஓடுதல் போன்ற சவாலான வெளிப்புற விளையாட்டுகளை ஊக்குவிக்கும்படி மருத்துவர்களையே கேட்டுக்கொண்டது. ஏறத் தெரிந்த குழந்தைக்குத்தான் இறங்கவும், தயங்கவும், இது முடியாது என்று திரும்பவும் தெரியும்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது என்பதால், அவரிடம் இரண்டு வகை ஆபத்துகளைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று, குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது: இந்தக் கிளை உயரமாக இருக்கிறது, இந்தக் கம்பி தூரத்தில் இருக்கிறது என்று அவளே அளந்து முடிவெடுக்கிறாள். மற்றொன்று அவள் கண்ணுக்குத் தெரியாதது: தேய்ந்த கொக்கி, தலை சிக்கும் சந்து, புல்லுக்கு அடியில் மறைந்திருக்கும் சிமெண்ட். முதல் வகையை அவளிடம் விடலாம். இரண்டாவதைக் கண்டுபிடித்து நீக்கும் வேலை உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் உரியது. அவர் அளவு நாடாவோடு மகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகட்டும்.

எலும்பு மருத்துவர் அனுமதித்த பிறகு மணலிலும் தாழ்வான சாதனங்களிலும் தொடங்குங்கள். எட்டாத கம்பியில் அவளைத் தூக்கித் தொங்கவிடாதீர்கள். தானாக ஏற முடிந்த உயரம் வரைதான் அவளால் தானாக இறங்கவும் முடியும். நேரத்தையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் சறுக்குத் தகடும் ரப்பர் தளமும் இளம் தோலைச் சில நொடிகளில் சுட்டுவிடும். புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்த்து, உங்களால் தாங்க முடியாவிட்டால் மாலை வரை பொறுத்திருங்கள்.

எங்கள் ஊராட்சிப் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து பல மாதங்களாகிறது. சொல்லியும் பயனில்லை. யாரிடம் போவது?
— வாசகர், தேனி மாவட்டம்

வாய்மொழியாகச் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது. படத்தையும் தேதியையும் சேர்த்து ஊராட்சி நிர்வாகத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு எழுதி, ஒப்புகை வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடைபெறும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். தாய்மார்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எழுந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். மனுவில் ‘ஊஞ்சலைச் சரிசெய்யவும்’ என்று மட்டும் எழுதாமல், சங்கிலி, கொக்கி, இருக்கை, கீழே ஒரு அடி ஆழத்துக்கு மணல் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் சங்கிலி மட்டும் மாறும், தரை அப்படியே கிடக்கும்.

சரிசெய்யும்வரை அந்த ஊஞ்சல் அறுந்த நிலையில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஊராட்சி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு மீதிச் சங்கிலியையும் இருக்கையையும் முழுவதுமாகக் கழற்றி ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால், பிள்ளைகளுக்கு எட்டாதபடி மேல்கம்பியோடு சுருட்டிக் கட்டி வையுங்கள்.